வண்டன்மேட்டில் ஒரு மாட்டுச்சாளை

கேமரா பார்க்கும் என்று சொல்லித்தான் கட்டப்பனைக் கடையில் விற்றார்கள். பேசும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால், ஆடி மழை அடித்து ஊற்றிய அந்த மத்தியானத்தில் ஸ்டோரின் முன்னறை உத்தரத்திலிருந்து ஒரு பெண்குரல் கத்தியபோது, பின்பக்கத் தொட்டியில் பச்சை ஏலக்காய் அலசிக்கொண்டிருந்த சிசிலி முதலில் மாதாவைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க! ஏனுங்க! ஊட்ல ஆருங்க இருக்கறது? நெருப்புங்க! வெறகுல நெருப்புப் புடிச்சுப்போச்சுங்க!"

பேய் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடாது என்று அடுத்து உறைத்தது. கையிலிருந்த வாளியோடு ஓடினாள். அடுப்பு வாயிலிருந்து ஒரு கங்கு உருண்டு வந்து, அடுக்கி வைத்த விறகில் விழுந்து, பக்கத்தில் கிடந்த வெறும் சாக்கில் தாவியிருந்தது. வாளித் தண்ணீரை அதில் மிதந்த காயோடு சேர்த்து வீசினாள். திரும்ப ஓடினாள், திரும்ப வீசினாள். புகை கண்ணைக் கரித்தது. ஏலக்காய் காய வைக்கும் சூட்டறையைத்தான் அந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். சுவருக்கு அந்தப் புறம் தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது சிசிலியின் காய் மட்டுமில்லை. அந்த மேட்டில் துண்டு நிலம் வைத்திருந்த பாதிக் குடும்பங்களின் காய் அவளை நம்பி அங்கே கிடந்தது. கூலிக்குக் காய வைத்துக் கொடுப்பதுதான் அவளுக்கும் அவள் புருஷன் சகாயத்துக்கும் பிழைப்பு.

"அணஞ்சிருச்சுங்களா அம்மிணி? இன்னொரு மூலைல பொகையுதுங்க. அக்கட்டால இல்லீங், உங்க சோத்தாங்கைப் பக்கம்."

சிசிலி வலது பக்கம் திரும்பி அங்கேயும் ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகுதான், தன் வலது கை எந்தப் பக்கம் என்று உத்தரத்துக்கு எப்படித் தெரிந்தது என்ற யோசனை வந்தது.

"யாரு நீங்க?"

"நானு வள்ளியாத்தாளுங்க. சித்தூருங்க."

"எந்தச் சித்தூரு?"

"பாலக்காட்டுச் சித்தூருங்க. அந்தத் தண்ணில போன காயெல்லாம் வீணாப் போயிருமுங்களா?"

"காயி கெடக்குது யக்கா. அம்புட்டு தூரத்துல இருந்துக்கிட்டு இங்க எப்பிடிப் பாக்குறீக?"

"எம்பட போனுல தெரியுதுங்க. பேசறதுக்கு எதை அமுத்தறதுன்னு தெரியாம எல்லாத்தையும் அமுத்தினனுங்க. கடைசில ஏதோ ஒண்ணு பேசிப்போடுச்சு."

"எம்புட்டு நாளாத் தெரியுது?"

குரல் இறங்கியது. "மழைக்கு முந்தியிருந்தேங்க."

சிசிலி அடுப்புக் கரியெடுத்து, அந்த அம்மாள் சொன்ன போன் நம்பரைச் சுவரில் எழுதினாள். பிறகு முக்காலியில் ஏறிக் கேமராவின் ஒயரைப் பிடுங்கினாள். கீழே இறங்கியவள் நெருப்புப் பிடித்த மூலையைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே கயிற்றில், காய் பறிக்க வரும் மாரீஸ்வரி முந்தின நாள் மாற்றிப் போட்ட சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏலக்காட்டில் மழைக்காலத்தில் காய் பறிக்கிற பெண்கள் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டாலும் சாயங்காலம் நனைந்த கோழியாகத்தான் வருவார்கள். தோட்டம் கட்டிக் கொடுத்த லயத்து வீடுகளில் தரையே ஈரமாக இருக்கும். சூடு என்று இருப்பது ஸ்டோரில் மட்டுந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் முன்னறையில் நுழைந்து, கதவைச் சாத்தி, சூட்டுக்குழாயோரம் நின்று ஈரத்தை மாற்றிக்கொண்டு, பாலில்லாமல் ஒரு கட்டஞ்சாயா குடித்து, மாமியாரையும் மேஸ்திரியையும் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவது ஸ்டோர் கட்டின நாளிலிருந்து நடக்கிற வழக்கம். கேமரா வந்தபோது மாரீஸ்வரி கேட்டாள்தான். "இதை வச்சுக்கிட்டு நாங்க எப்பிடித்தா துணி மாத்துறது?" சிசிலி தன் போனை எடுத்துக் காட்டினாள். ஒரு பட்டனைத் தொட்டதும் திரை கறுத்து, மூடின கண் படம் வந்து, கீழே 'கேமரா உறங்குகிறது' என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் சிசிலி அதை உறங்க வைப்பாள், அவர்கள் போனதும் எழுப்புவாள். ஏலக்காய்த் திருட்டுக்குப் பயந்து வாங்கிய சாமானுக்குத் தாலாட்டு வேறு.

சாயங்காலம் சகாயம் ஜீப்பை நிறுத்திவிட்டு வருவதற்குள் அவள் சித்தூருக்குப் போன் போட்டுவிட்டாள். கோபமாகப் பேசுவது என்று நினைத்துக்கொண்டுதான் போட்டாள். ஆனால் அந்தப் பக்கம் எடுத்ததும் பின்னணியில் ஒரு மாடு கத்தியது. கோபத்துக்கு முன்னால் ஆவல் முந்திக்கொண்டது.

"மாடு வச்சுருக்கீகளா யக்கா?"

"ரண்டு எருமை, ஒரு பசுவுங்க. அந்த மாட்டுனாலதான் இந்த வெனையே வந்துச்சு. எங்க ஆனந்தகுமாரு, எம்பட பையன், கோயமுத்தூருல வேலைல இருக்கறானுங்க. நானு ஒறம்பரை ஊட்டுக்குப் போனாலும் மாட்ட நெனச்சே வெசனப்படறேன்னு ஒரு கேமரா வாங்கிச் சாளைல மாட்டினான். போனுல மாட்டுச்சாளைன்னு பேரும் போட்டுக் குடுத்தான். சாளை தென்னந்தோப்புக்குள்ளீங்களா, நெட்டு எட்டவே இல்ல. வாரம் முடியல, கம்பெனிக்கே திருப்பி அனுப்பிப்போட்டான். பணமும் வந்துருச்சுங்க."

"அப்பறம்?"

"அப்பறம் பங்குனி கடைசில ஒருநாளு போனு டிங்குனுச்சுங்க. தொறந்தா மாட்டுச்சாளைன்னு எழுதியிருக்குது, உள்ளுக்கு நீங்க மூட்டை தைக்கறீங்க."

சிசிலி எழுந்து போய்க் கேமரா வந்த பெட்டியைத் தேடி எடுத்தாள். பளபளவென்று, 'விழித்துணை, உங்கள் வீட்டின் நம்பிக்கை' என்று போட்டு, ஒட்டின முத்திரை கிழியாமல்தான் கடைக்காரன் கொடுத்திருந்தான். பெட்டி புதுசு, கண் பழசு. யாரோ திருப்பிக் கொடுத்ததைத் துடைத்து, புதுப் பெட்டியில் போட்டு, பழைய சொந்தக்காரியின் போனிலிருந்து அதை அறுத்துவிடாமலே விற்றிருக்கிறார்கள்.

"மொதல்ல கம்பெனிக்காரங்கதான் படம் காட்றாங்கன்னு நெனச்சனுங்க," என்றாள் வள்ளியாத்தாள். "மாட்டுக்குப் பதிலா இதையாச்சும் பாருன்னு. நாங்களுந் தேங்காய் ஒடச்சுக் கொப்பரை காய வைக்கறமுங்க, அதனால பாக்கப் புடிச்சுது. அப்பறம் ஒருநாளு நீங்க தனியா ஒக்காந்து அழுதீங்க. படத்துலயும் அழுவாங்க, ஆனா மூக்கச் சிந்தி முந்தானைல தொடைக்க மாட்டாங்கள்ல? அப்பத்தானுங்க நெசம்னு தெரிஞ்சுது."

சிசிலிக்கு முகம் சுட்டது. அது சகாயத்துக்கே தெரியாத அழுகை.

"நெசம்னு தெரிஞ்சப்பறமும் பாத்தீகளே யக்கா. இது நல்லாருக்கா?"

"நல்லால்லீங்க. தப்புத்தானுங்க." அந்த அம்மாள் சட்டென்று ஒத்துக்கொண்டாள். "அழிச்சுப்போடலாம்னு கை போச்சுங்க. ஒடனே ஒரு ரோசனை. என்ர போனுலிருந்து போனா இது எங்க போயி விழும்? மாடு பாக்க வாங்குனதுல உங்க ஊடு வந்து விழுந்துச்சே, அதாட்ட இன்னொரு எடத்துல, ஒரு ஆம்பளப் பையன் போனுல விழுந்தா? எங்கிட்டயே இருக்கட்டும்னு உட்டுட்டனுங்க. ஆனந்தகுமாரு வந்தாக்கூட போன மடிலருந்து எடுக்க மாட்டேன்."

சிசிலி தொண்டையைச் செருமினாள். "சாயங்காலம்… எங்க பொம்பளைக…"

"கதவு சாத்துனா நானு போனைக் குப்புறப் போட்டுப்போடுவனுங்க. மொத நாளு தெரியாம ஒருக்கா பாத்தேன். எங்க குலசாமி மேல ஆணையா அதுக்கப்பறம் பாக்கல."

"பட்டனை அமுத்தித் தூங்க வச்சுருவேனே யக்கா!"

"எம்பட போனுல அது ஒருநாளுந் தூங்குனதே இல்லீங்க அம்மிணி."

ஆக, பட்டன் உறங்க வைத்தது சிசிலியின் திரையை மட்டுந்தான். கேமரா பாட்டுக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. இனி பார்ப்பதில்லை என்று அந்த அம்மாள் கேட்காமலே வாக்குக் கொடுத்தாள். பேசி முடித்த பிறகும் சிசிலி போனை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பெண்களிடம் சொன்னாள். சொல்லாமல் மறைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் அவர்களில் பாதிப் பேர் பக்கத்தில்தான் முழங்கால் போட வேண்டும், அதனால் சொன்னாள்.

மாரீஸ்வரி கையில் பிடித்த சாயாவை அப்படியே கீழே வைத்தாள். "சித்தூர்க்காரி குப்புறப் போட்டா, சரி. கம்பெனிக்காரன் குப்புறப் போட்டானா? அவென் பெட்டிக்குள்ள எல்லாம் பதிஞ்சு கெடக்கும்ல?"

சிசிலி, பிடுங்கிப் போட்ட ஒயரைப் பார்த்தாள்.

"ஒரு துண்டை எடுத்து அது மேல போட்டுருந்தா முடிஞ்சு போச்சு. பட்டன நம்புனியே சிசிலி. நாங்க பட்டன நம்பலடி, ஒன்னத்தான் நம்புனோம்."

அன்று யாரும் துணி மாற்றவில்லை. ஈரத்தோடே இறங்கிப் போனார்கள். வாசலில் நின்று அவர்கள் போவதைப் பார்த்த சிசிலிக்கு, ஸ்டோர் எரிந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. கூலிக் காய் இல்லாவிட்டால் வேறு வேலை செய்யலாம். இந்தப் பெண்கள் வராத முன்னறையில் எப்படி உட்கார்ந்திருப்பது?

விழித்துணை கம்பெனிக்குப் போன் போட்டால் முதலில் பாட்டுத்தான் வந்தது. பிறகு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லியது. முக்கியமான ஆளை இப்படியா காக்க வைப்பது என்று சிசிலி முணுமுணுத்தாள். கடைசியில் ஒரு பெண் வந்து, மோடத்தை அணைத்துப் போடச் சொன்னாள். அடுத்த நாள் வேறொரு பெண், பாஸ்வேர்டை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டாள். சிசிலி சுடச்சுடக் கொடுத்தாள். "பாஸ்வேர்டே கடைக்காரருதாம்மா போட்டுக் குடுத்தாரு. நெட்டே எட்டாத மாட்டுக்கொட்டாய்க்குப் போயி நான் சொல்லிட்டு வந்தேனா?" மூன்றாவது ஆளிடம், பெண்கள் துணி மாற்றுகிற இடம் என்று சொன்னபோது, ஒரு நிமிஷம் என்று சொல்லி அவர் மேலே யாரையோ கேட்கப் போனார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று ஒரு செய்தி. 'எங்கள் பிரதிநிதி நேரில் வருவார்' என்று இன்னொரு செய்தி.

பிரதிநிதி வருகிற அன்று காலை சிசிலி சித்தூருக்குப் போன் போட்டாள்.

"யக்கா, பாக்க மாட்டேன்னு சொன்னீகள்ல. இன்னைக்கு ஒருநாளு பாருங்க. கம்பெனிக்காரக கனெக்சனை அறுத்துட்டோம்னு சொல்றாக. அறுத்துட்டா ஒங்களுக்குத் தெரியாது, நல்லதாப் போச்சு. தெரிஞ்சுச்சுன்னா ஒரு வார்த்தை பேசுங்க."

"ஆகட்டுமுங்க. அறுத்திருந்தா நல்லதுதான்," என்றாள் வள்ளியாத்தாள். குரலில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது. இருவருமே அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

வந்தவன் பெயர் ஜிபி. கட்டப்பனைக்காரன், சின்ன வயசு, மழையில் நனையாமல் ஒரு புதுப் பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தான். தமிழ் நன்றாகவே பேசினான், நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்த்தது. மாரீஸ்வரியும் மற்றப் பெண்களும் பாதி வேலையில் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, சொட்டச் சொட்ட முன்னறைச் சுவரோரம் நின்றார்கள். சகாயம் நாற்காலி போட்டான். ஜிபி பழைய கேமராவின் ஒயரைச் செருகி, தன் போனில் எதையோ தட்டி, திருப்தியாகச் சிரித்தான்.

"சேச்சி, செர்வரிலேயே கட் பண்ணியாச்சு. இனி ஒரு ஈகூட எட்டிப் பாக்காது. சிரமத்துக்குக் கம்பெனி வகையா இந்தப் புதுக் கேமரா ஃப்ரீ. இதுல ஒரு ஒப்புப் போட்டா மதி." கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினான்.

"என்ன எழுதியிருக்கு, வாசிங்க," என்றாள் சிசிலி.

ஜிபி வாசித்தான். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. சித்தூரைச் சேர்ந்த வள்ளி என்று சொல்லப்படும் பெண் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு அத்துமீறிப் பார்த்திருக்கிறார். அவர் மேல் சைபர் போலீசில் பராதி, அதாவது புகார், கொடுக்க எனக்குச் சம்மதம். கம்பெனி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

"அந்தம்மா இல்லைன்னா இந்த ஸ்டோரே இருந்துருக்காது," என்றாள் சிசிலி.

"அது வேற, இது வேற சேச்சி. பராதி குடுத்தாத்தான் கேஸ் தீரும்."

"கம்பெனிக்குத் தீரும். எங்களுக்கு?" என்றாள் மாரீஸ்வரி.

சகாயம் சிசிலியின் காதோரம் குனிந்தான். "போனது போகட்டும்த்தா. பெரிய எடத்தோட நமக்கெதுக்கு மல்லுக்கட்டு? இனிமே தெரியாதுல்ல, போட்டுரு."

சிசிலி பேனாவை வாங்கிக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தாள். கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. சாயாவை ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தாள், வேண்டுமென்றே மெதுவாகக் கொடுத்தாள். அப்போதும் சத்தம் இல்லை. மழை தகரத்தில் அடிப்பது மட்டும் கேட்டது. அறுத்துத்தான் விட்டார்கள் போலிருக்கிறது. நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரல் இனி வராது என்று நினைத்தால் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. கேமரா விஷயம் முடிந்தாலும் அந்தப் பராதிக்கு ஒப்புப் போட முடியாது, அதை இவனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினாள்.

"ஏனுங்க தம்பி."

ஜிபி சாயாவோடு நிமிர்ந்தான்.

"கோவிச்சுக்காதீங்க. எம்பேர அதுல வள்ளியாத்தாள்னு முழுசா எழுதுங்க. வெறும் வள்ளின்னா எங்கூருல தெருவுக்கு நாலு பேரு இருக்கறாங்க, போலீசு பாவம் ஆரைன்னு தேடும்? அம்மிணி, நேரமாயிப்போச்சுங்க. எருமைக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன், மடிலருந்த போனுல எல்லாங் கேட்டுச்சு."

ஜிபி தன் போனைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். திரும்பவும் போனில் எதையோ தட்டினான். "இப்ப?" என்று கேமராவிடமே கேட்டான்.

"இப்பவும் தெரியுதுங்க. நீங்க நீலச் சட்டை. சாயா சிந்துதுங்க."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. மாரீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் வந்து அவனுக்கு நேராக நின்றாள்.

"தம்பி, ஒங்களைக் கொற சொல்லல. ஒண்ணு கேக்கேன். இந்த மாதிரி திரும்பி வந்த கண்ண எத்தன வீட்டுக்கு வித்துருக்கீக?"

ஜிபியின் யோசனை வேறு எங்கோ போனது. சாயாவைத் தரையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டான்.

"ஜெஸ்னா? ஆ, ஞானாணு. குஞ்ஞு கட்டிலுக்கு மேல இருக்கில்லே, அந்தக் கேமரா. அதை ஊரிப் போடு, கழட்டிப் போடு. இப்பத்தன்னே. ஏன்னு வந்து சொல்றேன், ஆத்யம் ஊரு."

அவன் போனைக் கீழே இறக்கியபோது சிசிலிதான் கேட்டாள்.

"உங்க வீட்டுலயும் இதுதானா தம்பி?"

"ஸ்டாஃபுக்குக் குறைஞ்ச விலைல கிடைச்சது சேச்சி. திரும்பி வந்த ஸ்டாக்குன்னு கேட்டுக்கிட்டேதான் வாங்கினேன்." அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "என் பொண்டாட்டி அந்த ரூம்லதான் குஞ்ஞுக்குப் பால் குடுப்பா."

மாரீஸ்வரியின் முகத்தில் இறுக்கம் விட்டது. கீழே இருந்த சாயாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

ஜிபி அதைக் குடித்து முடித்தான். பிறகு தான் கொண்டுவந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினான். திரும்பி வந்த கேமராவைப் புதுசு என்று விற்றது. உறங்கும் பட்டன் உறங்க வைக்காதது. அறுத்தாயிற்று என்று சொன்ன பிறகும் சித்தூரில் தெரிந்தது, அதைத் தானே நேரில் கேட்டது. இப்படி வாங்கின எல்லா வீட்டுக்கும் கம்பெனியே போன் செய்து சொல்ல வேண்டும், பதிந்தது முழுவதையும் பெண்கள் முன்னால் அழிக்க வேண்டும். கடைசியில் ஒப்புப் போட்டது சிசிலி இல்லை, ஜிபி. சகாயம் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

"வேலை போயிருமா தம்பி?" என்று சகாயம் கேட்டான்.

"அறியில்ல சேட்டா." அவன் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "மேலாளருக்கு விளிக்கிறேன். அவர் வீடியோவில பாக்கிறவரைக்கும் அந்தக் கேமராவைக் கழட்ட வேண்டா. ஓடிட்டே இருக்கட்டும். அதான் தெளிவு, சாட்சி."

சிக்னல் பிடிக்க அவன் வாசலுக்குப் போனான். சகாயமும் குடையோடு பின்னால் போனான். உள்ளே பெண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். சூட்டுக்குழாய் கணகணவென்று இருந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. எல்லாரும் உத்தரத்தையே பார்த்தார்கள்.

மாரீஸ்வரிதான் கதவைச் சாத்தினாள். நடு அறையில் வந்து நின்று, அண்ணாந்து, அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துப் பேசினாள். அந்த அம்மாளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"யக்கா, ஈரம் மாத்தணும். கொஞ்சம் திரும்பிக்கிடுங்க."

"கதவச் சாத்தறப்பவே போனைக் குப்புறப் போட்டுட்டனுங்க," என்றது குரல்.

மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். முந்தானையை அவிழ்த்துப் பிழிந்தாள். தண்ணீர் தரையில் கொட்டியது. அதைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகச் சூட்டுக்குழாய் பக்கம் நகர்ந்தார்கள்.

சிசிலி முக்காலியைப் போட்டு ஏறினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கேமராவை மூடி, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"யக்கா, தப்பா எடுத்துக்காதீக," என்றாள் துண்டைப் பார்த்து. "ஒங்கள நம்பித்தான் மாத்துறாக. துண்டு ஒங்களுக்கில்ல, கம்பெனிக்கு."